உடற்பருமன், ரத்தக் கொழுப்பு, உடற்பயிற்சி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எடை கூடியவர்களுக்குப் பயிற்சி கற்றுத்தரும் பணியில் இருப்பதால், ரத்தப் பரிசோதனைச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு வருகிறவர்களின் சந்தேகங்களைத் தொடர்ந்து கேட்டு வருகிறேன். பெரும்பாலும் அவை ஒரே சந்தேகங்கள். எனவே அவர்கள் கேட்ட சொற்களிலேயே கேள்விகளைத் தொகுத்து, எளியதில் தொடங்கிச் சிக்கலானது வரை விடை எழுதியிருக்கிறேன். இவை 18 வயது நிரம்பியவர்களுக்கு மட்டுமே உரியவை. கர்ப்பிணிகளும் அண்மையில் இதய சிகிச்சை பெற்றவர்களும் தங்கள் மருத்துவர் வகுத்துத் தரும் திட்டத்தையே பின்பற்ற வேண்டும்.

1. பார்க்க அவ்வளவு குண்டா தெரியலையே, எனக்கு எப்படி உடற்பருமன்னு சொல்றாங்க?

கிலோகிராமில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பது உடல் நிறை எண், அதாவது பி.எம்.ஐ. உலக அளவில் 30-ஐத் தொட்டால்தான் உடற்பருமன் என்று கணக்கு. இந்தியர்களுக்கு 2009-இல் மருத்துவ வல்லுநர்கள் வகுத்த வரையறையின்படி 23-இலேயே எடை கூடுதல் தொடங்குகிறது. 25-ஐத் தொட்டால் உடற்பருமன். 165 சென்டிமீட்டர் உயரமும் 70 கிலோ எடையும் உள்ள ஒருவரின் எண் 25.7. ஒரே பி.எம்.ஐ. உள்ள ஐரோப்பியரைவிடத் தெற்காசியரின் உடலில் கொழுப்பின் பங்கு அதிகமாகவும் தசையின் பங்கு குறைவாகவும் இருப்பதும், அந்தக் கொழுப்பு வயிற்றுக்குள் குடல், கல்லீரலைச் சுற்றிச் சேர்வதும்தான் இந்த வேறுபாட்டுக்குக் காரணம்.

ஆகவே எடையோடு இடுப்புச் சுற்றளவையும் அளக்க வேண்டும். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் எல்லை. பெல்ட் கட்டும் இடத்தில் அளப்பதுதான் பலரும் செய்யும் பிழை. தொப்பை உள்ளவர்களுக்கு பெல்ட் தொப்பைக்குக் கீழே இறங்கியிருக்கும். விலா எலும்பின் அடி விளிம்பையும் இடுப்பெலும்பின் மேல் விளிம்பையும் பக்கவாட்டில் விரலால் தொட்டுப் பார்த்து, இரண்டுக்கும் நடுவில் தையல் டேப்பைத் தரைக்கு இணையாகச் சுற்றி, வயிற்றை உள்ளே இழுக்காமல், இயல்பாக மூச்சை விட்ட நிலையில் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள்.

2. லிப்பிட் ப்ரொஃபைல்ல இத்தனை எண் போட்டிருக்காங்க, எதைத்தான் பார்க்கிறது?

லிப்பிட் ப்ரொஃபைல் என்பது ரத்தத்தில் உள்ள கொழுப்பு வகைகளை அளக்கும் பரிசோதனை. அதில் எல்.டி.எல். என்பது ரத்தக்குழாய்ச் சுவரில் படிவதால் கெட்ட கொழுப்பு என்றும், எச்.டி.எல். என்பது நல்ல கொழுப்பு என்றும் அழைக்கப்படுகின்றன. ட்ரைகிளிசரைடு என்பது உடல் எரிபொருளாகச் சுமந்து செல்லும் கொழுப்பு. எச்.டி.எல். ஆண்களுக்கு 40-க்கும் பெண்களுக்கு 50-க்கும் கீழே போனால் குறைவு. ட்ரைகிளிசரைடு 150-ஐத் தொட்டால் கூடுதல். இவை எல்லாம் ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் இத்தனை மில்லிகிராம் என்ற அளவில். எல்.டி.எல். எவ்வளவு இருக்கலாம் என்பது ஒருவருக்குச் சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், முன்பே வந்த மாரடைப்பு ஆகியவை உண்டா என்பதைப் பொறுத்து மாறும். மொத்தக் கொலஸ்ட்ராலிலிருந்து எச்.டி.எல்.-ஐக் கழித்தால் வரும் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். 12-ஆம் கேள்வியில் அது தேவைப்படும்.

நம்மவர்களின் சீட்டுகளில் அடிக்கடி காணும் கோலம், ட்ரைகிளிசரைடு கூடி, எச்.டி.எல். குறைந்து, எல்.டி.எல். நடுத்தரமாக இருப்பது. வயிற்றுக்குள் உள்ள கொழுப்பு ஓயாமல் கொழுப்பு அமிலங்களைக் கல்லீரலுக்கு அனுப்புகிறது. கல்லீரல் அவற்றை ட்ரைகிளிசரைடாகக் கட்டி ரத்தத்தில் விடுகிறது. அந்த மிகுதியால் எச்.டி.எல். விரைவாகச் சிதைகிறது, எல்.டி.எல். துகள்களும் சிறுத்து அடர்த்தியாகின்றன. மூன்று கோளாறுகளுக்கும் வேர் ஒன்றே என்பதால்தான் உடற்பயிற்சி இங்கே அர்த்தமுள்ள சிகிச்சையாகிறது.

3. எக்சர்சைஸ் செஞ்சா கெட்ட கொழுப்பு இறங்கிடும்தானே?

எல்லா எண்களும் ஒரே மாதிரி இறங்குவதில்லை. உடற்பயிற்சிக்கு மிக நன்றாகப் பணிவது ட்ரைகிளிசரைடு. தசையின் நுண்குழாய்ச் சுவரில் உள்ள லிப்போபுரோட்டீன் லைபேஸ் என்னும் நொதி, பயிற்சிக்குப் பிறகு பல மணி நேரத்துக்கு, சில வேளைகளில் இரண்டு மூன்று நாள் வரை கூடுதலாக வேலை செய்து, ரத்தத்திலிருந்து ட்ரைகிளிசரைடைத் தசைக்குள் இழுக்கிறது. எச்.டி.எல். சிறிதளவு ஏறுகிறது, 25 ஆய்வுகளைத் தொகுத்து 2007-இல் வெளியான ஒரு பகுப்பாய்வில் சராசரி ஏற்றம் சுமார் 2.5 மில்லிகிராம்தான், அதுவும் வாரத்துக்கு 120 நிமிடங்களாவது செய்தவர்களிடத்தில். எல்.டி.எல். அளவோ உடற்பயிற்சியால் மட்டும் பெரிதாக இறங்குவதில்லை. அதற்கு உணவில் நெய், வனஸ்பதி, தேங்காய் எண்ணெய், கொழுப்பு மிகுந்த இறைச்சி ஆகியவற்றைக் குறைப்பதும், தேவைப்பட்டால் மாத்திரையும்தான் வழி.

ஆனாலும் எல்.டி.எல். பக்கம் ஒன்றுமே நடக்கவில்லை என்று சொல்லிவிட முடியாது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகம் எடை கூடிய, உடலுழைப்பு இல்லாத 111 பேரை வைத்து நடத்தி 2002-இல் வெளியிட்ட ஆய்வில், எல்.டி.எல்.-இன் மொத்த அளவு மாறவில்லை. ஆனால் அதன் சிறிய, அடர்ந்த துகள்கள் குறைந்து துகள்கள் பெரிதாயின. சீட்டில் அச்சாகாத மாற்றம் இது. அவர்களின் எடையும் சொல்லும்படி குறையவில்லை என்பதை நினைவில் வையுங்கள்.

4. வாரத்துக்கு எவ்வளவு நேரம் செய்யணும்? வேகமா நடக்கணுமா, மெதுவா நடந்தா போதுமா?

உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல், நடுத்தர வேகத்தில் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள், அல்லது கடும் வேகத்தில் 75 முதல் 150 நிமிடங்கள் என்று சொல்கிறது. அத்தோடு வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சி. எடையும் கண்கூடாகக் குறைய வேண்டுமானால் 250 நிமிடங்களைத் தாண்ட வேண்டியிருக்கும். நடுத்தர வேகத்தை அறியக் கருவி எதுவும் வேண்டாம்: நடக்கும்போது பக்கத்தில் வருகிறவரோடு பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது.

மேலே சொன்ன டியூக் ஆய்வில் ஒரு குழு வாரத்துக்கு ஏறத்தாழ 32 கிலோமீட்டர் மெல்லோட்டத்துக்கு ஈடாகவும், இன்னொரு குழு 19 கிலோமீட்டர் மெல்லோட்டத்துக்கு ஈடாகவும், மூன்றாவது குழு அதே 19 கிலோமீட்டரை நடந்து கடப்பதற்கு ஈடாகவும் பயிற்சி செய்தன. அதிகத் தூரம் கடந்தவர்களுக்கே கொழுப்பின் அளவுகள் மிகுதியாகச் சீரடைந்தன. ஒரே தூரத்தை ஓடியவர்களுக்கும் நடந்தவர்களுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஆகவே முதலில் கூட்ட வேண்டியது வாராந்திர மொத்த அளவை. வேகம் பிறகு தானாகக் கூடும். இதுவரை நடந்தே பழக்கமில்லாதவர் நாளுக்குப் பத்து நிமிடத்தில் தொடங்கி, வாரந்தோறும் சில நிமிடங்கள் சேர்த்துக்கொண்டு போனால் போதும். முதல் வாரத்திலேயே ஒரு மணி நேரம் நடந்து குதிகால் வலியோடு நின்றுவிடுகிறவர்களைப் பார்க்கும்போது மனம் கஷ்டப்படுகிறது.

5. தினமும் காலையில வாக்கிங் போறேன், எடை மட்டும் அசையவே மாட்டேங்குதே?

கணக்கைப் பாருங்கள். 80 கிலோ எடையுள்ளவர் மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் அரை மணி நேரம் நடந்தால் ஏறத்தாழ 140 கலோரி செலவாகும். சும்மா உட்கார்ந்திருந்தாலும் செலவாகியிருக்கும் கலோரியைக் கழித்தால் மிஞ்சுவது நூறு. நடை முடிந்து திரும்பும் வழியில் சர்க்கரை போட்ட டீயும் ஒரு வடையும் சாப்பிட்டால் அந்த நூறும் திரும்பிவிடும். ஒரு கிலோ கொழுப்பில் சுமார் 7,700 கலோரி இருக்கிறது என்பதையும் சேர்த்து நினைத்தால், நடை மட்டுமே எடையைக் குறைக்க ஏன் இத்தனை காலம் ஆகிறது என்பது விளங்கும்.

உடலும் நம்மை அறியாமல் ஈடுகட்டிக்கொள்கிறது. மாதவிடாய் நின்ற, எடை கூடிய பெண்கள் 400-க்கும் மேற்பட்டோரை ஆறு மாதம் கண்காணித்து 2009-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், வாரத்துக்குச் சுமார் 72, 136, 194 நிமிடங்கள் என மூன்று அளவுகளில் பயிற்சி தரப்பட்டது. முதல் இரு குழுவினருக்கும் எதிர்பார்த்த அளவுக்கு எடை குறைந்தது. மிக அதிகமாகச் செய்த குழுவுக்கோ 2.7 கிலோ குறைய வேண்டிய இடத்தில் 1.5 கிலோதான் குறைந்தது. கூடுதல் பசி, 'இன்றைக்கு நடந்துவிட்டேனே' என்ற நிம்மதியில் கூடுதலாக ஒரு கரண்டி சோறு, மீதி நாளெல்லாம் உட்கார்ந்தே இருப்பது ஆகியவை இப்படி ஈடுகட்டும் வழிகள். ஆயினும் மூன்று குழுவினருக்கும் இடுப்புச் சுற்றளவு குறைந்தது.

எடை குறைய வேண்டுமென்றால் தட்டையும் மாற்றியாக வேண்டும். மதியச் சாதத்தில் ஒரு பங்கைக் குறைத்து அந்த இடத்தில் பொரியலும் பருப்பும் சுண்டலும் சேர்ப்பதும், டீ, காபியில் சர்க்கரையை விடுவதும் நடையோடு சேர்ந்தால் தராசு அசையத் தொடங்கும். இதில் ட்ரைகிளிசரைடுக்கும் நன்மை உண்டு. சர்க்கரை, வெள்ளை அரிசி, மது ஆகிய மூன்றும் அதை ஏற்றுகின்றன.

6. எடையே குறையலைன்னா நடந்து என்ன பிரயோஜனம்?

இந்தக் கேள்வியோடுதான் பலர் நடையை நிறுத்துகிறார்கள். ஆகவே மற்றவற்றைவிட இதற்குக் கவனமாக விடை சொல்ல விரும்புகிறேன். கனடாவில் உடற்பருமன் உள்ள 52 ஆண்களைக் கொண்டு நடத்தி 2000-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், ஒரு குழு உணவைக் குறைத்தும், இன்னொரு குழு உணவை மாற்றாமல் தினமும் சுமார் 700 கலோரி செலவாகும்படி பயிற்சி செய்தும், மூன்று மாதத்தில் தலா ஏழரை கிலோ அளவுக்கு எடை குறைந்தனர். மூன்றாவது குழு அதே பயிற்சியைச் செய்து, செலவான கலோரியை ஈடுகட்டும் அளவுக்குக் கூடுதலாகச் சாப்பிட்டு, எடையை வேண்டுமென்றே அப்படியே வைத்துக்கொண்டது. எடை மாறாத அந்தக் குழுவுக்கும் வயிற்றுக்குள் இருந்த கொழுப்பு குறைந்திருந்தது.

தராசு கொழுப்பையும் தசையையும் நீரையும் பிரித்துக் காட்டுவதில்லை. ஆகையால் மாதம் ஒருமுறை, முதல் விடையில் சொன்ன முறையில் இடுப்பை அளந்து ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். எடை நின்ற இடத்தில் நிற்க, இடுப்பு இரண்டு மூன்று சென்டிமீட்டர் இறங்கியிருந்தால், 2-ஆம் விடையில் சொன்ன வேரிலேயே மாற்றம் தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம்.

7. தொப்பை மட்டும் குறைய ஏதாவது எக்சர்சைஸ் சொல்லுங்களேன்?

அப்படி ஒன்று இல்லை. வயிற்றுப் பயிற்சிகள் வயிற்றுத் தசையை வலுப்படுத்தும். அதன் மேலுள்ள கொழுப்பைத் தேர்ந்தெடுத்துக் கரைக்காது. வயிற்றைச் சுற்றிக் கட்டும் வியர்வை பெல்ட்டால் குறைவது நீர் மட்டுமே. வெறும் வயிற்றில் நடந்தால் கொழுப்பு அதிகமாகக் கரையுமா என்றும் கேட்கிறார்கள்: நடக்கும் நேரத்தில் கொழுப்பு சற்று அதிகமாக எரிவது உண்மை, ஆனால் வாரக் கணக்கில் பார்த்தால் சாப்பிட்டு நடப்பவருக்கும் சாப்பிடாமல் நடப்பவருக்கும் கொழுப்பு ஒரே அளவில்தான் குறைகிறது. எந்த நேரம் உங்களுக்குத் தவறாமல் அமைகிறதோ அதுவே நல்ல நேரம்.

8. நடந்தா போதாதா? வெயிட்டெல்லாம் தூக்கணுமா?

உடற்கொழுப்பைக் குறைப்பதில் நடை, மெல்லோட்டம், சைக்கிள், நீச்சல் ஆகியவைதான் முன்னிற்கின்றன. எடை கூடிய 119 பேரைக் கொண்டு டியூக் பல்கலைக்கழகம் 2012-இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், பளுப் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்குக் கொழுப்பு குறையவில்லை, தசை கூடியது. நடை, ஓட்டப் பயிற்சி செய்தவர்களுக்குக் கொழுப்பு குறைந்தது. இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களுக்கு இரண்டும் நடந்தன. உணவைக் குறைத்து எடை இழக்கும்போது தசையும் சேர்ந்து கரைவதால், அதைக் காக்கப் பளுப் பயிற்சி தேவை. முதல் விடையில் சொன்னபடி ஏற்கெனவே தசை குறைவாக உள்ள நமக்கு இந்தத் தேவை இன்னும் அதிகம். பெண்கள் பளு தூக்கினால் ஆண்களைப் போல் உடம்பு ஆகிவிடும் என்ற அச்சத்துக்கு இடமில்லை; அதற்கான ஹார்மோன் அளவு பெண்களிடம் இல்லை.

ஜிம்முக்குப் போக முடியாதவர்கள் நாற்காலியில் தொடங்கலாம். கைப்பிடி இல்லாத உறுதியான நாற்காலியைச் சுவரை ஒட்டிப் போட்டு, அதன் முன்பாதியில் அமர்ந்து, பாதங்களைத் தோள் அகலத்துக்கு வைத்து, கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, மூச்சை வெளியே விட்டபடி எழுந்து நில்லுங்கள். பிறகு தொப்பென்று விழாமல் மூன்று எண்ணும் நேரத்தில் மெல்ல அமருங்கள். பத்து முறை செய்து ஒரு நிமிடம் இளைப்பாறி, மீண்டும் இருமுறை. அது எளிதானதும் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலை மார்போடு அணைத்துக்கொண்டு செய்யலாம். சுவரில் கை ஊன்றிச் செய்யும் தண்டாலைச் சேர்த்துக்கொண்டால் மேல் உடம்புக்கும் பயிற்சி கிடைக்கும்.

9. முழங்கால் வலி இருக்குங்க, நடந்தா மூட்டு தேஞ்சிடாதா?

முழங்கால் தேய்மானம் உள்ள, எடை கூடிய முதியவர்களிடம் செய்த ஆய்வில், ஒரு கிலோ எடை குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் மூட்டின் மேல் விழும் சுமை நான்கு கிலோ குறைவது தெரியவந்தது. தொடைத் தசை வலுவானாலும் வலி குறையும். ஆகவே அசையாமல் இருப்பதுதான் மூட்டுக்குக் கெடுதல். நடந்தால் வலிக்கிறது என்றால் முதல் சில வாரம் நின்ற இடத்திலேயே மிதிக்கும் சைக்கிள், இடுப்பளவு நீரில் நடத்தல், உயரமான நாற்காலியில் 8-ஆம் விடையில் சொன்ன பயிற்சி ஆகியவற்றைச் செய்யுங்கள். பயிற்சியின்போது லேசாக வலித்து மறுநாள் காலைக்குள் தணிந்துவிடும் வலியைப் பொறுத்துக்கொள்ளலாம். மூட்டு வீங்கினாலோ வலி மறுநாளும் நீடித்தாலோ அளவைக் குறைக்க வேண்டும்.

10. ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி டிரெட்மில் டெஸ்ட் எடுத்தாகணுமா?

எந்த அறிகுறியும் இல்லாதவர் மிதமாக நடக்கத் தொடங்குவதற்குப் பொதுவாக அது தேவைப்படுவதில்லை. மாறாக, படியேறும்போது நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, வழக்கத்துக்கு மாறான மூச்சிரைப்பு, மயக்கம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் முதலில் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். நெஞ்சு எரிச்சல், வாயு என்று நாமே பெயர் வைத்துக்கொள்வது ஆபத்து. சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்களுக்கு நடையின்போது சர்க்கரை மிகவும் தாழ்ந்துபோகக்கூடும் என்பதால், மருந்தின் அளவை மருத்துவரிடம் பேசிவிட்டுத் தொடங்க வேண்டும். சட்டைப் பையில் நான்கைந்து குளுக்கோஸ் மாத்திரையோ மிட்டாயோ இருக்கட்டும். வெறுங்காலோடு நடப்பதும் அவர்களுக்கு ஆகாது.

11. எத்தனை நாள் கழிச்சு மறுபடி ரத்தம் பரிசோதிக்கலாம்?

மூன்று மாதம் தொடர்ந்து செய்த பிறகு. அதற்கு முந்தைய நாள் வழக்கத்தைவிடக் கடுமையாக ஓடாதீர்கள். 3-ஆம் விடையில் சொன்ன நொதியின் உடனடி வேலையால் ட்ரைகிளிசரைடு தற்காலிகமாகத் தாழ்ந்து தெரியும். முந்தைய இரவு விருந்தும் மதுவும் அதையே ஏற்றிக் காட்டும். இரண்டு முறையும் ஒரே ஆய்வகத்தில், ஒரே அளவு நேரம் உண்ணாமல் இருந்து கொடுத்தால்தான் ஒப்பிட முடியும். எடை குறைந்துகொண்டிருக்கும் காலத்தில் எச்.டி.எல். சற்றே இறங்குவதும், எடை நிலைபெற்ற பிறகு ஏறுவதும் அறியப்பட்ட ஒன்றுதான். அதற்காகக் கலங்க வேண்டாம்.

12. நாலு மாசம் நடந்தேன். ட்ரைகிளிசரைடு நல்லா இறங்கிச்சு, ஆனா எல்.டி.எல். ஏறியிருக்கே! நடந்தா கெட்ட கொழுப்பு ஏறுமா?

ஏறாது. பல ஆய்வகங்கள் எல்.டி.எல்.-ஐ நேரடியாக அளப்பதில்லை. 1972-இல் வகுக்கப்பட்ட ஃப்ரீட்வால்ட் சூத்திரத்தின்படி, மொத்தக் கொலஸ்ட்ராலிலிருந்து எச்.டி.எல்.-ஐயும் ட்ரைகிளிசரைடின் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்து எழுதுகின்றன. ஓர் உதாரணம்: தொடக்கத்தில் மொத்தம் 215, எச்.டி.எல். 36, ட்ரைகிளிசரைடு 240 என்றால், 215-இலிருந்து 36-ஐயும் 48-ஐயும் கழிக்க எல்.டி.எல். 131. பயிற்சிக்குப் பின் மொத்தம் 204, எச்.டி.எல். 37, ட்ரைகிளிசரைடு 160 என்றால், 204-இலிருந்து 37-ஐயும் 32-ஐயும் கழிக்க 135. மொத்தக் கொலஸ்ட்ரால் 11 குறைந்திருந்தும் சீட்டில் எல்.டி.எல். 4 கூடிவிட்டது.

ட்ரைகிளிசரைடு மிகுந்திருக்கும்போது இந்தச் சூத்திரம் எல்.டி.எல்.-ஐக் குறைத்துக் காட்டும் இயல்புடையது. 400-ஐத் தாண்டினால் அதைப் பயன்படுத்தவே கூடாது. எனவே 2-ஆம் விடையில் குறித்துக்கொள்ளச் சொன்ன எண்ணைப் பாருங்கள்: முதல் சீட்டில் 215-இலிருந்து 36 போக 179, இரண்டாவதில் 204-இலிருந்து 37 போக 167. ரத்தக்குழாயில் படியக்கூடிய எல்லா வகைத் துகள்களிலும் உள்ள கொலஸ்ட்ராலை அடக்கிய எண் இது. அது 12 இறங்கியிருக்கிறது. சந்தேகம் தீராவிட்டால் எல்.டி.எல்.-ஐ நேரடியாக அளக்கும் பரிசோதனையைக் கேட்டுச் செய்துகொள்ளலாம்.

13. எச்.டி.எல். 36-லயே நிக்குது. நல்ல கொழுப்பு ஏற மாத்திரை போடலாமா?

மருந்தால் எச்.டி.எல்.-ஐ ஏற்றிப் பார்த்த பெரிய ஆய்வுகள் ஏமாற்றத்தில் முடிந்தன. டார்செட்ராபிப் என்ற மருந்து எச்.டி.எல்.-ஐ வெகுவாக ஏற்றியும், எடுத்துக்கொண்டவர்களிடையே இறப்பு கூடியதால் அந்த ஆய்வு 2006-இல் நிறுத்தப்பட்டது. எனவே குறைந்த எச்.டி.எல்.-ஐ, உள்ளே நடக்கும் கோளாற்றின் அடையாளமாகக் கொள்வதே சரி. புகைப்பதை விடுவதும் வயிற்றுக் கொழுப்பைக் குறைப்பதும் அதற்குரிய சிகிச்சை. இடுப்பும் ட்ரைகிளிசரைடும் இறங்கி, எச்.டி.எல். மட்டும் நின்றுவிட்டால், உங்கள் உழைப்பு வீணாகிவிட்டதாக எண்ண வேண்டியதில்லை.

14. இவ்வளவு நடக்கிறேனே, கொலஸ்ட்ரால் மாத்திரையை நிறுத்திடலாமா?

உங்களாக நிறுத்தாதீர்கள். எல்.டி.எல். விஷயத்தில் பயிற்சி செய்யக்கூடியது எவ்வளவு என்பதை 3-ஆம் விடையில் சொல்லிவிட்டேன். கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரையின் வேலையை நடை செய்யாது, நடையின் வேலையை மாத்திரையும் செய்யாது. குறிப்பாக எல்.டி.எல். 190-ஐத் தாண்டியவர்களுக்கு அது பரம்பரைக் கோளாறாக இருக்கக்கூடும். ஒல்லியான விளையாட்டு வீரருக்கும் அது வரும். தைராய்டு சுரப்புக் குறைவாலும் எல்.டி.எல். ஏறும் என்பதால் அந்தப் பரிசோதனையையும் ஒருமுறை செய்துகொள்வது நல்லது.

மாத்திரையால் உடம்பு வலி என்று சொல்கிறவர்கள், அது புதிதாகத் தொடங்கிய பயிற்சியின் வலியா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். பயிற்சி வலி உழைத்த தசையில் வந்து மூன்று நான்கு நாளில் போய்விடும். இரு தொடைகளிலும் தோள்களிலும் ஒரே மாதிரி நீடிக்கும் வலியை மருத்துவரிடம் சொல்லுங்கள். மாத்திரையின் அளவையோ வகையையோ மாற்ற முடியும். சிறுநீர் கறுத்த டீ நிறத்தில் போனால் அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

15. இப்போ எடை குறைய ஊசி வந்திருக்கே, அதைப் போட்டுக்கிட்டா எக்சர்சைஸ் வேண்டாம்தானே?

ஊசி பசியை அடக்குவதால் எடை குறைகிறது. அந்தக் குறைவில் ஒரு பகுதி தசையாகவும் இருக்கும். டென்மார்க்கில் 195 பேரைக் கொண்டு நடத்தி 2021-இல் வெளியான ஆய்வில், முதலில் எட்டு வாரம் மிகக் குறைந்த கலோரி உணவால் அனைவரின் எடையும் குறைக்கப்பட்டது. அடுத்த ஓராண்டில் லிராகுளுடைடு ஊசி, உடற்பயிற்சி, இரண்டும் சேர்த்து, எதுவும் இல்லாமல் என நான்கு குழுக்களாகப் பிரித்துப் பார்த்தனர். உடற்கொழுப்பு மிகுதியாகக் குறைந்தது ஊசியோடு பயிற்சியும் செய்தவர்களுக்கே. மருத்துவர் பரிந்துரைத்து ஊசி போட்டுக்கொள்கிறவர்கள், முதல் வாரத்திலிருந்தே 8-ஆம் விடையில் சொன்ன நாற்காலிப் பயிற்சியையும், வேளைதோறும் பருப்பு, முட்டை, மீன், தயிர் என ஏதேனும் ஒரு புரத உணவையும் விடாமல் வைத்துக்கொள்ள வேண்டும். பசி அடங்கிய நாட்களில் முதலில் தட்டைவிட்டுப் போவது புரதம்தான்.